புரட்டாதிச் சனியும் மெல்பன் காகமும்

கேரம் டவுன்ஸ் கோவிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வெளியே வந்தபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பாவோடு ஊர் பார்க்க வந்திருந்த பெரியம்மாவுக்கு அன்று புரட்டாதிச் சனி விரதம். காகம் சோறு தின்னாமல் அவர் எதையும் வாயில் வைக்கமாட்டார். கோவிலடியில் ஒரு காகத்தையும் காணவில்லை. சர்க்கரை வருத்தக்காரி, நேரத்துக்குச் சாப்பிட்டாகவேண்டும். ஓடைக்கரைப் பூங்காவில் காகம் போலவே இருக்கும் கறுப்பு வெள்ளை மேக்பை பறவைகள் நிறைய உண்டே! உடனே காரை அங்கே விட்டேன்.

"வெள்ளை அடிச்ச காகமோடா இது?" என்றார் பெரியப்பா.

"இங்கத்தைக் காகம் இப்பிடித்தான். கூப்பிடுங்கோ பெரியம்மா."

அது மேக்பைகள் குஞ்சு பொரிக்கும் காலம், கிட்டப் போனால் பாய்ந்து கொத்தும் என்பதை மறந்துவிட்டேன். டப்பாவில் கொண்டுவந்த சோற்றை இலையில் வைத்து "கா, கா" என்று பெரியம்மா அழைத்ததும், ஒன்று எறிகல்லாய்ப் பாய்ந்து அவர் நெற்றியைக் கிழித்தது. இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. பெரியப்பா குடையால் விளாசினார். அது சுழன்று வந்து அவர் காதைப் பிய்த்தது. தடுக்கப்போன என் உச்சந்தலையிலும் ஒரு குத்து. காருக்குள் விழுந்து கதவைச் சாத்தினோம். கண்ணாடியில் அது மோதிக்கொண்டே இருந்தது.

"காகமாம் காகம்! எங்களைக் கொல்லவோடா கூட்டிக்கொண்டு வந்தனி?" என்று பெரியப்பா கத்தினார்.

பெரியம்மா நெற்றியைச் சேலையால் பொத்திக்கொண்டு கேட்டார்: "சோத்தைத் தொட்டதோ?"

"இல்லை. இப்பவாவது சாப்பிடுங்கோ."

"காகம் தின்னட்டும்."

கடைத்தொகுதிக் கார் தரிப்பிடத்தில் அசல் கறுப்புக் காகங்கள் குப்பைத்தொட்டியைக் கிளறுவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டப்பாவில் மிச்சச் சோறு இருந்தது. அங்கே போவதென்று முடிவெடுத்தோம். இம்முறை சோறு வைப்பது நான், காரின் பின்னால் கிடந்த சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு.