சங்குவும் ஷண்டிங் மாஸ்டரும்

கொல்கத்தா பக்கத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் மருதமுத்து ஷண்டிங் மாஸ்டராக இருந்தார். எஞ்சினைக் கொண்டுபோய்ப் பெட்டிகளோடு கோத்துவிடுவது, கோத்ததைப் பிரிப்பது, ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி நிறுத்துவது என்று முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மகன் ஜெயக்குமார் நியூ டவுனில் வாங்கிப் போட்டிருந்த ஃபிளாட்டுக்கு மனைவி சாவித்திரியோடு குடிவந்தார். பதினோராவது மாடி. மகனுக்கோ அதற்குள் புனேக்கு மாற்றல் வந்துவிட்டது.

புது இடத்தில் அவருக்குப் பொழுது நகரவே இல்லை. யார்டில் நாலு எட்டு வைப்பதற்குள் யாராவது, "கீ கொபோர், முத்துதா?" என்று வங்காளத்தில் அண்ணன் முறை வைத்துச் சேதி கேட்பார்கள். இங்கே லிஃப்டில் ஏறுகிறவர்கள் கைபேசியைப் பார்த்தபடி ஏறி, பார்த்தபடியே இறங்கிப் போனார்கள். அவர் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "தரை தேஞ்சிரும், கொஞ்சம் உக்காருங்க" என்று சாவித்திரி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

அப்போதுதான் பெத்துராஜ் வந்தான். மருதமுத்துவுக்குச் சித்தப்பா மகன். பாலிகஞ்சில் முறுக்கு, சேவு, அப்பளம் விற்கிற கடை வைத்திருந்தான். ஊருக்குப் போய்விட்டு அன்றுதான் திரும்பியிருந்தான். ஒரு பழக்கூடையை ஹாலில் இறக்கி வைத்து மேலே கிடந்த துண்டை எடுத்தான். உள்ளே பால் நுரை மாதிரி ஒரு நாய்க்குட்டி. இளஞ்சிவப்பு மூக்கு. மலங்க மலங்க விழித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கிப்போனது.

"ரிட்டையர்மெண்டுக்கு அண்ணாச்சிக்கு ஒண்ணுமே செய்யலையேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. அசல் ராஜபாளையம். இனி ஒரு பய உங்க வாசல்ல கால் வைக்க முடியாது."

"பதினோராவது மாடிக்கு எவன் ஏறி வந்து திருடப் போறான்?" என்றாள் சாவித்திரி. "நாய்தான் கெடச்சுதா? ஒரு எருமையையும் சேத்துக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல."

"என்ன மதினி இப்படிச் சொல்லிட்டிய..."

மதினி சொன்னதோடு சரி. அன்று சாயங்காலமே குழையக் குழையப் பிசைந்த மோர்ச்சோறு குட்டியின் முன்னால் வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று இருந்ததால் சங்கு என்று பெயரும் அவளே வைத்தாள்.

தடுப்பூசிகள் போட்டு முடித்ததும், மருதமுத்து சங்குவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மாலையில் கீழே இறங்க ஆரம்பித்தார். கட்டடங்களுக்கு நடுவே ஒரு புல்வெளி உண்டு. நாய் வளர்க்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். முதல் நாளே ஒரு கொழுத்த லாப்ரடார் நேராக வந்து சங்குவை முகர்ந்தது. அதன் பின்னாலேயே மூச்சிரைக்க வந்தவர் தபன் பாபு, கல்லூரியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். நாயின் பெயர் போல்டு. அடுத்து வந்தவள் மிதாலி, பக்கத்து ஐடி வளாகத்தில் வேலை பார்க்கிற இளம்பெண். அவளுடைய பீகிள் ஜாதி நாய்க்குப் பெயர் லுச்சி. லுச்சி என்கிற வங்காளப் பூரியைப் போல உப்பியிருந்ததால் அந்தப் பெயராம். அரை மணி நேரத்துக்குள் மருதமுத்து அவர்களுக்கு முத்துதா ஆகிவிட்டார். மறுநாள் சாவித்திரி இறங்கி வந்தபோது, அண்ணியை அழைக்கிற முறையில், "வாருங்கள் பௌதி" என்று பெஞ்சில் இடம் விட்டார்கள்.

இந்தச் சந்தோஷத்தில் ஒரே ஒரு குறை. சங்கு யார் சொன்னதையும் கேட்கவில்லை.

"சங்கு!" என்று மருதமுத்து யார்டு அதிரக் கத்திய தொண்டையால் கத்துவார். புறா பறக்கும், நாய் திரும்பாது. ஆளைப் பார்த்துவிட்டால் மட்டும் பாய்ந்து வந்து காலைக் கட்டிக்கொள்ளும். பெஞ்சிலிருந்து யோசனைகள் கொட்டின. தபன் பாபு, முள் நீக்கிய ரோகு மீனைக் கொடுக்கச் சொன்னார். மீன் தின்னாத நாய்க்குப் புத்தி வளராது என்பது அவருடைய தீர்மானமான கருத்து. மிதாலி வேறு கோணத்தில் யோசித்தாள்.

"முத்துதா, நீங்கள் தமிழில் கூப்பிடுகிறீர்கள், நாங்கள் வங்காளத்தில் கொஞ்சுகிறோம், வாட்ச்மேன் இந்தியில் அதட்டுகிறார். பாவம், அது எத்தனை பாஷைதான் படிக்கும்? ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்."

சரியென்று வீட்டில் தமிழ் மட்டும் என்று சட்டம் போட்டார்கள். பலனில்லை. ஆங்கிலத்துக்கு மாறினார்கள். சாவித்திரி காய் நறுக்கிக்கொண்டே, "சிட், சிட்" என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளையும் சிட் என்றுவிட்டாள். அந்த ஆள் உட்கார்ந்தார். சங்கு உட்காரவில்லை. காசு கொடுத்து வரவழைத்த பயிற்சியாளர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, பிடிவாதம் பிடித்த ஜாதி, தோட்ட வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

மருதமுத்துவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. "நம்மள மதிக்கவே மாட்டேங்கானே, சாவித்திரி" என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சொன்னார்.

துர்கா பூஜை முடிந்த வாரத்தில் நிலைமை மோசமானது. புல்லில் படுத்துக் கண்ணயர்ந்திருந்த சங்குவின் முதுகை, பின்னாலிருந்து வந்த மிதாலி ஆசையாகத் தடவினாள். அது தூக்கிவாரிப் போட்டு எழுந்து, திரும்பிய வேகத்தில் அவள் மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டது. லேசான கீறல்தான். மிதாலியே, "நான்தான் தூக்கத்தைக் கெடுத்தேன்" என்று சமாதானம் சொன்னாள். ஆனால் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அதைப் பார்த்துவிட்டார். சொல்பேச்சு கேட்காத, கடிக்கிற நாயை வளாகத்தில் வைத்திருக்கலாமா என்பதைக் காளி பூஜை முடிந்ததும் கூட்டம் போட்டுப் பேச வேண்டும் என்றார்.

தீபாவளியை ஒட்டி வருகிற காளி பூஜை வந்தது. அன்றைக்குக் கொல்கத்தாவில் வெடிச்சத்தத்துக்குப் பஞ்சமிருக்காது. நாய்கள் பயந்து போகும் என்பதால், நாய்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து தரைத்தளத்து ஹாலைக் கேட்டு வாங்கினார்கள். ஜன்னல்களைச் சாத்தித் திரைபோட்டு, மின்விசிறிகளை வேகமாகச் சுழலவிட்டு, ஒலிபெருக்கியில் சிதார் இசையையும் வைத்துவிட்டு, பாய் விரித்து நாய்களோடு உட்கார்ந்துகொண்டார்கள். பொழுது சாய்ந்ததும் வெடி ஆரம்பித்தது. எங்கோ ஒரு சரம் தொடங்கியதும் போல்டு தன் பெருத்த உடம்பைத் தபன் பாபுவின் மடியில் திணிக்கப் பார்த்தது. லுச்சி மிதாலியின் துப்பட்டாவுக்குள் புகுந்து வெடவெடத்தது. சங்கு மட்டும் நடுக்கூடத்தில் மல்லாந்து, நாலு காலையும் விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

மருதமுத்துவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தீங்களா! அதான் ராஜபாளையம். குண்டே விழுந்தாலும் அசையாது."

சாவித்திரி அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், சுண்டல் கொண்டுவந்த எவர்சில்வர் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துவந்து, சங்குவின் தலைக்குப் பின்னால் பிடித்து ஓங்கித் தட்டினாள். ஹாலில் இருந்த அத்தனை பேரும் துள்ளினார்கள். சங்கு துள்ளவில்லை. அவள் மறுபடியும் தட்டினாள். அதன் வால் நுனிகூட ஆடவில்லை. தபன் பாபு பதறி எழுந்து, தொம் தொம்மென்று தரை அதிர இரண்டடி வைத்தபோதுதான் கண்ணைத் திறந்து தலையைத் தூக்கியது.

"ஏங்க," என்றாள் சாவித்திரி மெதுவாக, "இவனுக்குக் காது கேக்கலைங்க."

வெளியே வெடி வெடித்துக்கொண்டிருந்தது. மருதமுத்து தரையில் உட்கார்ந்து சங்குவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். அது அவர் மூக்கை நக்கியது. அவருக்குக் கண் கலங்கியது, உடனே சிரிப்பும் வந்தது.

"அப்ப இவன் என்னைய மதிக்காம இல்ல!"

தமிழில் சொன்னது தபன் பாபுவுக்குப் புரியவில்லை. சாவித்திரி வங்காளத்தில் சொன்னாள். அவர் நீதிபதி போல நிமிர்ந்து, "ஆசாமி நிரபராதி!" என்று அறிவித்தார். மிதாலி தன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது தெரியாமல் தூக்கத்தில் போய்த் தொட்டேனே" என்று சங்குவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கால்நடை மருத்துவரும் அதையே உறுதி செய்தார். வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, மற்றபடி இவன் முழு ஆரோக்கியம் என்றார். சேதி கேட்டுப் பெத்துராஜ் ஓடிவந்தான்.

"தெரியாமப் போச்சு அண்ணாச்சி. அடுத்த தடவை போகும்போது இதைக் கொண்டுபோய் விட்டுட்டு வேற குட்டி மாத்தி வாங்கியாந்துருதேன்."

மருதமுத்து வாயைத் திறப்பதற்குள் சாவித்திரி முந்திக்கொண்டாள். "மாத்துறதுக்கு இது என்ன உன் கடை முறுக்குப் பாக்கெட்டா? கையக் கழுவிட்டுச் சாப்பிட உக்காரு."

பெஞ்சில் மறுபடியும் யோசனைகள் தொடங்கின, இந்த முறை வேறு மாதிரி. மிதாலி, காது கேட்காத நாய் வளர்க்கிறவர்களின் குழு ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்துவிட்டாள். சென்னையிலிருந்தும் கௌஹாத்தியிலிருந்தும் யார் யாரோ பதில் எழுதினார்கள். தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது, மூக்குக்கு முன்னால் கையை நீட்டினால் போதும், வாசனையில் விழித்துக்கொள்ளும் என்றார்கள். அது தானாகத் திரும்பி உங்களைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் ஏதாவது தின்னக் கொடுங்கள், பார்ப்பதே அதற்குப் பழக்கமாகிவிடும் என்றாள் ஒரு பெண். தபன் பாபுவின் ரோகு மீனுக்கு ஒருவழியாக வேலை வந்தது.

"இனி சைகைதான்" என்றாள் மிதாலி. "ஆனால் ஆளுக்கொரு சைகை காட்டினால் குழம்பிவிடும். வாவுக்கு ஒன்று, நில்லுக்கு ஒன்று என்று முதலில் முடிவு பண்ணுவோம். எதை வைக்கலாம், முத்துதா?"

மருதமுத்து எழுந்து நின்றார். யோசிக்கவே இல்லை. யார்டில் எஞ்சின் டிரைவருக்கு அத்தனை வருஷமாகக் காட்டிய சைகைகள் கையிலேயே இருந்தன. இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தினார். "இது நில்லு. இதைப் பார்த்தால் ஒரு முழு சரக்கு ரயிலே நிற்கும்." வலக்கையை உடம்புக்குக் குறுக்கே இப்படியும் அப்படியுமாக வீசினார். "என்னை நோக்கி வா." கையை மேலும் கீழுமாக மெல்ல அசைத்தார். "தள்ளிப் போ." பிறகு தலைக்கு மேல் இரு கையையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தார். "பைய பைய வந்து ஒட்டிக்கோ. எஞ்சின் பெட்டியோடு சேருகிற நேரத்தில் காட்டுவது."

மிதாலி கைதட்டினாள். "இதற்கு மேல் என்ன வேண்டும்!"

பிறகு அந்தப் புல்வெளியைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. காலையிலும் மாலையிலும் பேராசிரியர் ஒருவர் கைகளை உயர்த்தி நிற்பார், ஐடி பெண் குறுக்கே கை வீசுவாள், கேட் வாட்ச்மேன் மேலும் கீழும் அசைப்பார். சங்குவும் சளைக்காமல் ஓடும், நிற்கும், வரும். சேரும் சைகைக்கு மட்டும் மருதமுத்துவின் முழங்காலில் வந்து மெத்தென்று முட்டி நிற்கும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சும்மா இருந்த லுச்சியும் பார்த்துப் பார்த்துப் பாதியைக் கற்றுக்கொண்டது.

டிசம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குடிநீர் லாரி வருவதற்காகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பந்து உருண்டு வெளியே போனது. சாவித்திரியின் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு சங்கு அதன் பின்னால் பாய்ந்தது. வெளியே அகலமான சாலை. பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது.

"சங்கு!" என்று சாவித்திரி அலறினாள். கேட்காது என்று தெரிந்தும் அலறினாள்.

மருதமுத்து புல்வெளியின் அந்தக் கோடியில் இருந்தார். ஓடினால் எட்ட முடியாது, துரத்தினால் விளையாட்டு என்று நினைத்து அது இன்னும் வேகமெடுக்கும். அவர் ஓடவில்லை. இரண்டு கையையும் உயர்த்தி நின்றார். 'திரும்புடா, ஒரு தடவை திரும்பிப் பாருடா' என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

கேட்டைத் தாண்டும் இடத்தில், பழக்க தோஷம், சங்கு ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. பார்த்ததும் முன்கால் இரண்டையும் ஊன்றி அப்படியே நின்றுவிட்டது. அதன் மூக்குக்கு முன்னால் பஸ் போனது. பந்து சக்கரத்தில் சிக்கிப் பட்டென்று வெடித்தது.

மருதமுத்து வலக்கையைக் குறுக்கே வீசினார். சங்கு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. தலைக்கு மேல் கையைச் சேர்த்துப் பிரிப்பதற்குள் வந்து முட்டிவிட்டது. அவர் அதைக் கட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே வந்த சாவித்திரி அவரையும் நாயையும் சேர்த்துத் திட்டினாள், சேர்த்தே அணைத்துக்கொண்டாள்.

செய்தித்தாளும் கையுமாகச் சங்கச் செயலாளர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒஷாதாரோன்!" என்றார். பிரமாதம் என்று அர்த்தம். பிறகு குரலைத் தாழ்த்தி, "முத்துதா, எங்கள் வீட்டுப் பையனுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் சொன்னது ஒன்றையும் கேட்பதில்லை. இந்தச் சைகையெல்லாம் அவனுக்கும் பலிக்குமா?" என்று கேட்டார். சங்குவைப் பற்றிப் பேசுவதற்கு இருந்த கூட்டம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் நடக்கவே இல்லை.

ஜனவரியில் நாய்க்காரர்கள் எல்லாரும் ஒரு மினி பஸ் பிடித்துக் கங்கைக் கரைக்குப் பிக்னிக் போனார்கள். சாவித்திரியின் புளியோதரையும் தபன் பாபு வீட்டு ஆலூர் தம் என்கிற உருளைக்கிழங்குக் கறியும் ஒரே இலையில் விழுந்தன. எல்லாரும் வெயிலில் சாய்ந்திருந்த நேரத்தில், கரையில் ஒரு படகோட்டி அக்கரைக்கு ஆள் சேர்ப்பதற்காகக் கையை இப்படியும் அப்படியுமாக வீசிக்கொண்டிருந்தார். சங்கு அதைப் பார்த்தது. மருதமுத்துவை ஒருமுறை பார்த்தது. படகோட்டி மறுபடி வீசினார். அவ்வளவுதான், தெறித்து ஓடி, தண்ணீரைச் சிதறடித்து, ஒரே தாவில் படகில் ஏறிப் பலகையின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

"இது யார் பாசஞ்சர்?" என்று படகோட்டி கரையைப் பார்த்துக் கத்தினார்.

"நம்ம பய!" என்று மருதமுத்து தமிழிலேயே பதில் கத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பின்னால் போல்டு இறங்கியது, அதை இழுத்துப் பிடிக்கத் தபன் பாபு இறங்கினார். மிதாலி லுச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டாள். "நானும் வாரேன், இருங்க!" என்று சாவித்திரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, நாயும் மனிதருமாக நிறைந்து, மெல்லக் கரையை விட்டு நகர்ந்தது.