ஓரத்தில் நின்றவர்கள்

சந்தைத் தெருவில் யாருக்காவது முகத்தில் அடி விழுந்தால், போலீஸ் வருவதற்கு முன்னால் அந்த முகம் லென்ஸ் அக்காவின் நாற்காலிக்கு வந்துவிடும். இறைச்சிக் கடைகளும் மீன் கடைகளும் காய்கறி மண்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்தத் தெருவின் நடுவில்தான் அவளுடைய கண்ணாடிக் கடை. முன்பக்கம் கணவர் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவார். பின்னால், கறுப்புத் திரை போட்ட சின்ன அறையில் அவள் கண் பார்ப்பாள். முறையாகப் படித்துத் தேறிய கண் பரிசோதகர். டாக்டரம்மா என்று யாராவது கூப்பிட்டால், நான் கத்தி எடுக்கிறவள் இல்லை, பார்த்துச் சொல்கிறவள் என்று திருத்துவாள். திருத்தித் திருத்திக் கடைசியில் லென்ஸ் அக்கா என்ற பெயர்தான் மிஞ்சியது.

பள்ளிக்கூட நாட்களில் இரும்புக் குண்டு எறிந்து பரிசு வாங்கியவள். தோளும் கையும் இன்னும் அப்படியே இருந்தன. மூட்டை தூக்குகிறவர்கள்கூட அவளிடம் குரலை உயர்த்த யோசிப்பார்கள். மனைவியை எதிர்த்துப் பேசாததற்குக் கணவர் சொல்லும் காரணமும் அந்தக் குண்டுதான்.

ஊசியில் நூல் கோக்க முடியாத தையல்காரர்கள், கரும்பலகை தெரியாமல் வகுப்பில் திட்டு வாங்கும் பிள்ளைகள், சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டுவிட்டதா என்று பயந்து வருகிறவர்கள் என்று எல்லாக் கண் பரிசோதகருக்கும் வருகிற கூட்டம் அவளுக்கும் வந்தது. ஆனால் அந்தத் தெருவில் வேலையின் மறுபாதி அடிதடி. முஷ்டி பட்டால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு கொஞ்சம் தாங்கும், மோதிரம் பட்டால் இமை கிழியும், சின்னக் கல்லாக இருந்தால் நேராகக் கண்ணுக்குள்ளேயே போகும் என்பதை அவள் புத்தகத்தைவிடத் தெருவில்தான் நன்றாகக் கற்றாள். கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கியிருந்தால் அப்புறம் பேச்சே கிடையாது. கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரே ஆளிடம் அடி வாங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அடித்தவன் எதிர்வரிசைக் கறிக்கடைக்காரன். சந்தையில் அவனுக்குச் 'சுருக்கு' என்று பெயர். கறியையும் சுருக்கென்று வெட்டுவான், கோபமும் சுருக்கென்று வரும். கடை அவனுடையதும் அவன் தம்பியுடையதும். அப்பா போன பிறகு யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டையில் இருவரும் ஒரே கூரையின் கீழ் முகம் பார்க்காமல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தவர் லாரி டிரைவர். மூக்குத்தண்டு உடைந்திருந்தது. அடுத்து ஐஸ் சுமக்கிறவர், கிழிந்த இமையோடு வந்தார். பிறகு கறி வாங்க வந்த ஒரு வாத்தியார். அவருடைய கண்ணாடி நொறுங்கிக் கன்னத்தில் குத்தியிருந்தது. லென்ஸ் அக்கா குறடால் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தபோது அவர் அழவில்லை, புலம்பவில்லை, ஆச்சரியம்தான் பட்டார். நான் எதுவுமே பேசவில்லை, பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான், பேயைக் கண்டவன்போலத் துள்ளித் திரும்பி அறைந்துவிட்டான் என்றார். லாரி டிரைவரும் ஐஸ்காரரும் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

"திமிரு. வேற என்ன?" என்றார் கணவர்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

வெட்டுக்கத்தி இறங்கிய காலையில் மழை விட்டிருந்தது, வியாபாரம் மும்முரமாக இருந்தது. சுருக்கு கறி வெட்டும் கட்டைக்கு முன்னால் நின்று எலும்பைப் பிளந்துகொண்டிருந்தான். தம்பி வலப்பக்கத்திலிருந்து வந்து, கட்டையின் ஓரத்தில் கிடந்த ஈரலை எடுக்கக் கை நீட்டினார். கத்தி நிற்கவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் கட்டையிலேயே கிடந்தன. தம்பி முதலில் கத்தக்கூட இல்லை. குறைந்துபோன கையைத் தூக்கி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் அலறினார்.

"பங்கு கேட்ட கைய வெட்டிட்டான்" என்று கூட்டத்தில் ஒரு குரல் கிளம்பியது. அது போதுமாக இருந்தது. தம்பியின் மச்சான் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். இடுப்பில் செருகியிருந்த கொக்கியை உருவிக்கொண்டு ஓடி வந்தான். அவனோடு வேலை செய்கிறவர்களும் வந்தார்கள். எடைக்கற்கள் பறந்தன. சுருக்கு வெட்டுக்கத்தியை விடாமல், தெருவின் நடுவில் சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருந்தான். விலக்கப் போன மீன்காரரின் முன்னங்கை முழங்கைவரை பிளந்துகொண்டது.

லென்ஸ் அக்கா கடை வாசலில் நின்று பார்த்தது அப்போதுதான். ஒருவன் காலி ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, சுருக்கின் வலப்பக்கத்திலிருந்து ஓங்கினான். ஓடி வந்தான், கத்திக்கொண்டே வந்தான். முகத்துக்கு அடி வருகிறது என்று கண்டால் எந்த மனிதனும் கண்ணை மூடுவான். மூடக்கூடாது என்று நினைத்தாலும் உடம்பு கேட்காது. சுருக்கு மூடவில்லை. தலையைக்கூடச் சாய்க்கவில்லை. பெட்டி நெற்றிப்பொட்டில் பட்டு உடைந்த பிறகுதான் அவன் முகம் சுருங்கியது. பிறகு அடித்தவன் எங்கே என்று தேடி, சம்பந்தமே இல்லாத ஒருவன்மேல் கத்தியை வீசினான்.

வாத்தியாரும் டிரைவரும் ஐஸ்காரரும் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அவளுக்கு ஒரு நொடியில் விளங்கியது. இவனுக்கு ஓரம் தெரியவில்லை.

அவருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், முன்னால் வாருங்கள் என்று அவள் கத்தினாள். யார் காதிலும் ஏறவில்லை. கணவர் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டுத் தெருவில் இறங்கி, சுருக்கின் மூக்குக்கு நேராக நடந்தாள்.

"அண்ணே, என்னத் தெரியுதா?"

"தெரியுது. கிட்ட வராத."

"ரெண்டு கையும் காலியா இருக்கு, பாருங்க. கத்தியக் கீழ போடுங்கண்ணே."

அவன் பார்த்தான். கை தாழத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து மச்சான் இடப்பக்கத்திலிருந்து கொக்கியைத் தோளில் இறக்கி இழுத்தான். சுருக்கு வலியில் சுழன்றான். கத்தியின் முதுகுப்பக்கம் அவளுடைய கழுத்தடிக் காறை எலும்பில் வந்து விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கூர்ப்பக்கம் திரும்பியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. அவள் விழவில்லை. நல்ல கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து, மூடியிருந்த ஒரு கடையின் இரும்புக் கதவில் கத்தி விழும்வரை மோதினாள்.

கத்தி விழுந்ததும் கூட்டம் அவன்மேல் விழுந்தது. அதை அவளால் நிறுத்த முடியவில்லை. வாயில் உதைத்தார்கள், விலாவில் உதைத்தார்கள். போலீஸ் வந்து இழுத்தபோது அவன் பற்களைத் துப்பிக்கொண்டிருந்தான்.

கட்டுப்போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாய் என்றார் கணவர். அது இன்னும் வேலியில்தான் இருக்கிறது, நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள் அவள்.

மறுநாள் ஸ்டேஷனில், சுருக்கின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதும் இன்ஸ்பெக்டர் சிரித்தார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று கேட்டிருக்கிறேன், இங்கே அண்ணனே அடித்துவிட்டான், இதில் கண்ணுக்கு என்ன வேலை என்றார். அவள் விடாமல் நின்றதில் அலுத்துப்போய், கம்பிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

சுருக்கின் முகம் வீங்கிக் கறுத்திருந்தது. என் மூக்கையே பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் கட்டுப்போடாத கையைக் கம்பி வழியாக அவன் தலைக்குப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினாள். எப்போது விரல் அசைவது தெரிகிறதோ அப்போது சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை. கை மெல்ல மெல்ல முன்னால் வந்தது. மூக்குக்கு நேராகக் கிட்டத்தட்ட வந்த பிறகுதான், இருக்கிறது என்றான். மறுபக்கமும் அப்படியே. அவள் முதலில் கையை எங்கே வைத்திருந்தாள் என்று இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சொன்னதும், தன்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தான். கம்பிக்கு நடுவே கையை விட்டு அவள் கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்தான். முறிந்த எலும்பு கம்பியில் இடித்தது. கான்ஸ்டபிள் லத்தியால் அவன் முழங்கையில் அடித்துப் பிரித்தார்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். அந்தச் செவுத்துல இருக்கற பொடி எழுத்தப் படிக்கட்டுமா?" என்றான் மூச்சு வாங்க.

"படிப்பீங்க. நடுவுல தெரியுது. ஓரந்தான் செத்துப்போச்சு." வலியில் அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் நகரவில்லை. "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டு வருது. வலிக்காது, அதான் தெரியல. குழாய் வழியாப் பாக்கற மாதிரி பாக்கறீங்கண்ணே. அதான் யார் வந்தாலும் திடீர்னு முளைச்ச மாதிரி இருக்கு."

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். எல்லோரும் என்னிடம் பதுங்கிப் பதுங்கி வருவதாகவே இத்தனை காலமும் நினைத்திருந்தேன் என்றான். தம்பி உட்பட.

பெரிய ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு பெரும்பகுதி போய்விட்டது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். இது ரத்த சொந்தத்தில் தொடரும் நோய் என்பதால் லென்ஸ் அக்கா தம்பி வீட்டுக்கும் போனாள். தம்பி மனைவி வாசலிலேயே நிறுத்தினாள்.

"அவருக்குக் கண்ணு தெரியலன்னா எங்க வீட்டுக்காரருக்கு விரல் முளைச்சிடுமா?"

முளைக்காது என்றாள் லென்ஸ் அக்கா. ஆனால் அவருடைய கண்ணையும் பார்த்துவிடலாம் என்றாள். தம்பி வர மறுத்தார். அண்ணனுக்கு வந்த எதுவும் தனக்கு வேண்டாம் என்றார், நோய் உட்பட. மனைவிதான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள். அழுத்தம் அவருக்கும் ஏறியிருந்தது, ஆனால் நரம்பு இன்னும் கெடவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லாமல் போனார்.

கோர்ட்டில் லென்ஸ் அக்கா கூண்டில் ஏறி, தம்பியின் கை வந்த இடத்தைச் சுருக்கால் பார்த்திருக்க முடியாது என்று சொன்னாள். சந்தையில் பாதிப் பேர் அவளைப் பாராட்டினார்கள், மீதிப் பேர் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் சுருக்கின் மனைவி கடைக்கு வந்தாள். கணவர் காட்டிய முக்காலியில் உட்காராமல், நேராகத் திரைக்குப் பின்னால் போனாள்.

"கோர்ட்ல நீங்க சொன்னதக் கேட்டேன். பக்கத்துல நின்னவங்கள அவருக்குத் தெரியலன்னீங்க. இருக்கலாம். என்ன அடிச்சதெல்லாம் நேராப் பாத்துத்தான்க்கா. கண்ணாலம் ஆன வருஷத்துலேர்ந்து, மூஞ்சிக்கு முன்னால நிக்க வச்சு."

எதிர்க்கடையில் இத்தனை வருடம் அந்தப் பெண் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கல்லாவில் இருந்ததைத் தினமும் பார்த்தவள்தான் லென்ஸ் அக்கா. சந்தையில் எல்லா அடியும் தன் நாற்காலிக்கு வருகிறது என்று நம்பியிருந்தாள்.

கண்ணில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டாள். இருட்டில் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது, கொசுக்கூட்டம்போலக் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன என்றாள் அவள். சொட்டு விட்டுக் கண்மணியை விரித்து, விளக்கை உள்ளே செலுத்திப் பார்த்தபோது விழித்திரையில் ஒரு கிழிசல், அதன் பக்கத்தில் ஆறிப்போன பழைய தழும்புகள். இன்னும் ஒரு அறை விழுந்தால் திரை மொத்தமாகக் கழன்றுவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், அங்கே கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து ஒட்டினார்கள். திரும்பும் வழியில் லென்ஸ் அக்கா கேட்டாள், இதையும் கோர்ட்டில் சொல்லலாமா என்று. நீ சம்மதித்தால்தான் சொல்வேன் என்றாள்.

அவள் கண்ணில் கட்டோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். வண்டி சந்தைத் தெருவில் திரும்பும்போது, சொல்லுங்கள், நானும் வந்து சொல்கிறேன் என்றாள்.

"நீயே காப்பாத்தி நீயே கவுக்கறியா?" என்றார் கணவர்.

"பாத்ததச் சொன்னேன். இதுவும் பாத்ததுதான்."

தம்பியின் விரல் போனதை விபத்து என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. மனைவியை அடித்ததற்கும், மீன்காரரின் கையைப் பிளந்ததற்கும் சுருக்குக்குச் சிறை. கொக்கி வீசிய மச்சானுக்கும் தண்டனை கிடைத்தது. கறிக்கடையைச் சில மாதம் பூட்டிப் போட்டிருந்தார்கள். பிறகு ஒரு நாள் சுருக்கின் மனைவி கட்டைக்கு முன்னால் நின்று வெட்டத் தொடங்கினாள். தம்பி மூன்று விரலால் எடைபோட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். தம்பி அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அண்ணியிடம் மட்டும், பக்கத்தில் வரும்போதெல்லாம், "அண்ணி, வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு வந்தார்.

சிறைக்கு மருந்து கொண்டுபோக மனைவி மறுத்துவிட்டாள். லென்ஸ் அக்காவே போனாள். சுருக்கு அவளைக் கண்டுபிடிக்கத் தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்ப வேண்டியிருந்தது.

"ரெண்டு பேரும் பேசி வச்சு என்ன மாட்டி விட்டீங்களா?"

"ஆமா" என்றாள்.

அவன் தாடை இறுகியது. அவள் அடியெடுத்துப் பின்னால் போகவில்லை. கடைசியில் கம்பிக்கு நடுவே கையை நீட்டிச் சீசாவை வாங்கினான். தலையை அண்ணாந்து ஒரு சொட்டு விட்டான். அது கன்னத்தில் விழுந்து வழிந்தது.

"கீழ் இமைய இழுத்துப் பிடிங்கண்ணே" என்றாள் அவள். "பைமாதிரி ஆகும். அதுல விடணும்."