மஞ்சள் அரளியில் நகம் தீட்டிய பூனை

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். ஜன்னலில் முதலில் தெரிந்தது பூனையின் நாக்கு. முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. எங்கள் வாசலில் நின்ற மஞ்சள் அரளியின் அடியில், உதிர்ந்த பூக்களுக்கு நடுவே படுத்திருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் பூ ஒவ்வொன்றாக விழுந்தது, மணிபோல் கவிழ்ந்து, சற்றுச் சுழன்று, ஓசையில்லாமல். ஒன்று பூனையின் முதுகில் விழுந்தது. அது திரும்பிப் பார்க்கவில்லை.

பகல் தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டுமனைப் பிளாட்டுகளில், அந்த நேரத்தில் எல்லாமே இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து நிற்பதுபோலத் தோன்றும். தூரத்துக் கருவேலங்காடு தரையைத் தொடாமல் மிதக்கும். அதனால் பூனையின் வாயிலிருந்து தொங்கிய மெல்லிய நூலையும் வெயிலின் வேலை என்றே முதலில் நினைத்தேன். அது எச்சில். நிற்காமல் வடிந்துகொண்டிருந்தது. பூனை எழுந்து இரண்டடி நடந்தது, வாந்தி எடுத்தது, அங்கேயே சாய்ந்தது.

பூனை அடுத்த வீட்டுடையது. அந்த வீட்டுப் பெண்ணின் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். சென்ற விடுமுறைக்கு வந்தவர், சாக்கடை ஓரம் கிடந்த குட்டியை எடுத்துவந்து, பஞ்சை நனைத்து ஊட்டிப் பிழைக்க வைத்துவிட்டுப் போனார். போனில் அவருடைய முதல் கேள்வி பூனையைப் பற்றித்தான் என்று அவள் என் மனைவியிடம் சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

நான் கூப்பிட்டதும் அவள் ஓடிவந்து பூனையைத் தூக்கினாள்.

"கண்ணு சொருகுதுண்ணே."

"அரளியத் தின்னுருக்குமோ?" என்றாள் என் மனைவி.

"அத ஆடே தொடாது மதினி. பூனையா திங்கப் போகுது?"

எங்கள் எல்லோருடைய அறிவும் அந்தப் பதிலில் இருந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு செடி நல்லதா கெட்டதா என்று ஆடுதான் சொல்லும். வீடு கட்டியதும் நான் வைத்த வேம்பை ஆடுகள் கடித்தன. புங்கனைக் கடித்தன. கம்பி வலைக்குள் தலையை விட்டு மயில்கொன்றையையும் முடித்தன. அரளியை மட்டும் மோந்துவிட்டு நகர்ந்தன. அதனாலேயே அது மரமானது. விஷம் என்பது யாருக்கும் தெரியாததல்ல. நான் செய்தித்தாளில் வேலை பார்த்தவன். அரளி என்ற சொல் எந்தப் பக்கத்துச் செய்திகளில் வரும் என்று அறிவேன். ஆனால் தின்னாத பிராணியை அது என்ன செய்துவிடும் என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

துண்டில் சுற்றி, நானும் அவளும் ஷேர் ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். வராண்டா முழுக்க ஆடுகள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்திருந்த ஒருவர் துண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி, எலி புடிக்கிற வேலைக்கு லீவு லெட்டர் வாங்க வந்தியா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் மறுபடி பார்த்தார். தன் ஆட்டின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து வழிவிட்டார். "நீ முன்னால போ. இதுக்குக் கால்ல முள்ளுதான். நிக்கும்."

டாக்டர் இளம்பெண். ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். வீட்டுப் பக்கம் என்ன செடி இருக்கிறது என்று விசாரித்தார்.

"அரளிதான் டாக்டர். ஆனா இது இலையத் திங்காது," என்றாள்.

துண்டுக்கு வெளியே ஒரு முன்னங்கால் தொங்கிக்கொண்டிருந்தது. நகங்களுக்கு இடையில் ஏதோ வெள்ளையாக, காய்ந்த பசைபோல ஒட்டியிருந்தது. அதில் மரப்பட்டைத் துணுக்குகள். படுப்பதற்கு முன் பூனை தினமும் பின்னங்கால்களில் எழுந்து, மரத்தைக் கட்டிக்கொள்வதுபோல நின்று, நகத்தால் மேலிருந்து கீழாக இழுக்கும். இழுத்த கோடுகளில் பால் கசியும். ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை பார்த்த காட்சி அது. பார்க்க அழகாகவே இருக்கும். டாக்டரிடம் அதைச் சொன்னேன்.

அவர் அந்தக் காலைத் திருப்பிப் பார்த்தார். "அதான் சார். இலை, பூ, காய், பட்டை, பால், எதுவுமே பூனைக்கு ஆகாது. கொஞ்சம் போனாலும் ஹார்ட்டப் பிடிக்கும். இது இலையத் திங்காது, சரி. ஆனா மேல ஒட்டுனத நக்காம விடாதுல்ல."

நான்கு பாதங்களையும் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். கரித்தூள் மருந்தைக் கரைத்துப் புகட்டினார்கள். டிரிப் ஏற்றினார்கள்.

"துடிப்பு விட்டுவிட்டு வருது," என்றார் டாக்டர். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாத்துக்கங்க. விடியட்டும். அதுக்கு முன்னால எதுவும் சொல்ல முடியாதும்மா."

பொழுது சாயும்போது அவள் தன் வீட்டு வாசற்படியில் பூனையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் இறங்கி, சுவர்களும் மண்ணும் அவள் முகமும் ஒரே மஞ்சளாக இருந்தன. சற்று நேரம் அந்த நிறத்தில் எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியவில்லை. போன் அடித்தது. காம்பவுண்டுக்கு இந்தப் பக்கம் எனக்கு அவள் பேச்சு மட்டும் கேட்டது.

"ம்... சாப்பிட்டேன்... இல்லங்க, தொண்டை கட்டியிருக்கு, தூசி... அது தூங்குதுங்க... வேணாம், எழுப்ப வேணாம். இப்பத்தான் அசந்துச்சு. நாளைக்குக் காட்டுறேன்."

பேசி முடிக்கும்வரை அவளுடைய இரண்டு விரல்கள் பூனையின் மார்பில் இருந்தன. போனை வைத்த பிறகும் எடுக்கவில்லை.

விடிந்ததும் காம்பவுண்டு ஓரம் போனேன். பூனை கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கால்கள் நடுங்கின.

"தண்ணி குடிச்சிருச்சுண்ணே," என்றாள், நான் கேட்கும் முன்பே. பிறகு நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். "இத வெட்டிட்டா ரெண்டு வீட்டுக்கும் நெழலு போயிருமே."

"போனாப் போகட்டும்," என்றாள் என் மனைவி.

வெட்ட வந்தவர் கைகளில் துணியைச் சுற்றிக்கொண்டார். கிளைகளையும் காய்களையும் ஒன்றுவிடாமல் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினார். வேரைத் தோண்டி எடுக்கும்வரை வெட்டுவாயிலிருந்து பால் வடிந்துகொண்டே இருந்தது. பள்ளத்தை மூடித் தண்ணீர் அடித்துக் கழுவினேன். மறுநாள் பிற்பகல் ஜன்னலை மறைக்க ஒன்றுமில்லை. வெளிச்சம் தடையின்றி உள்ளே வந்து கட்டிலில், சுவரில், என் கையில் படிந்தது. பாதித் தூக்கத்தில் அந்த வெண்மைக்குள் பூக்கள் விழுவதை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூனை இப்போது எங்கள் வாசல் கதவில் நகம் தீட்டுகிறது.