பலராமன் காத்த சுவர்

பலராமன் பன்னிரண்டு வருஷம் சினிமாக் கொட்டகையில் வேலை பார்த்தான். ஒரு படம்கூட முழுசாகப் பார்த்ததில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜனங்களைப் பார்த்து நிற்பதுதான் அவன் வேலை.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது கோதண்டராமனின் டூரிங் டாக்கீஸ். கீற்றுக் கூரை, மணல் தரை, நடுவில் இடுப்பளவு மண் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பெண்கள் நாங்கள், அந்தப் பக்கம் ஆண்கள். பொழுது சாயும்போது ஒலிபெருக்கியில் சாமிப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சோற்றை அரைவேக்காட்டில் இறக்கி வைத்துவிட்டு ஓடுவோம்.

ஆனால் விளக்கை அணைத்ததும் சுவரைத் தாண்டிக் கைகள் வரும். பின்னலை இழுக்கும், இடுப்பைக் கிள்ளும். கத்தினால் அந்தப் பக்கம் சிரிப்பார்கள், பொறுக்கிப் பயல்கள்.

1989இல் பலராமன் வேலைக்கு வந்தான். வந்த வாரமே, அப்படி நீண்ட ஒரு கையைப் பிடித்துச் சுவர் விளிம்பில் வைத்து முறித்தான். படம் அறுந்து சத்தம் நின்றிருந்த நேரம். எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. அந்தக் கை அருணகிரியுடையது, எங்கள் தெருப் பையன்தான். அதற்கப்புறம் எந்தக் கையும் சுவரைத் தாண்டவில்லை.

பொங்கலுக்குப் புதுப்படம் வந்தால் ரசிகர்கள் சோடா பாட்டிலோடு வருவார்கள். பலராமன் பெல்ட்டைக் கழற்றுவான். மண்டை உடையும், காது கிழியும். ரத்தம் சிந்திய இடத்தில் நல்ல மணலைத் தள்ளி மூடிவிட்டு மறுபடியும் படத்தை ஓட்டுவார்கள். எனக்குப் படத்தைவிட அந்தச் சண்டைதான் பிடிக்கும். எங்களுக்காக ஒருத்தன் அடிக்கிறான் என்றால் பார்க்க ஆசையாக இருக்காதா?

பிறகு கேபிள் டிவி வந்தது. கொண்டுவந்தவன் அருணகிரி. கோணிப்போன அந்தக் கையை வைத்துக்கொண்டே மரம் மரமாக ஏறி ஒயர் கட்டினான். சாயங்காலமானால் சீரியல். முதலில் கொட்டகையில் பெண்கள் பக்கம் காலியானது. பெண்கள் வராத இடத்துக்கு ஆண்கள் எதற்கு வருவார்கள்?

"வர்ற பௌர்ணமி வரைக்கும் பாப்பேன் பலராமா. ஜனம் வரலன்னா கொட்டாயப் பிரிச்சிடுவேன். லாட்ஜ் கட்ட எடம் கேக்கறாங்க" என்று கோதண்டராமன் சொல்லிவிட்டார்.

பலராமனுக்கு அந்தக் கொட்டகையை விட்டால் வேறு பிழைப்பும் கிடையாது, மரியாதையும் கிடையாது. மறுநாள் சீரியல் நேரத்தில் கொடுவாளோடு எங்கள் தெருவுக்கு வந்தான். ஒயர் கட்டிக்கொண்டிருந்த அருணகிரியை மரத்திலிருந்து காலைப் பிடித்து இழுத்துப் போட்டு, வாயிலேயே மிதித்தான். பல் தெறித்தது. "அன்னிக்குக் கைய நீட்டின. இன்னிக்கு ஒயர நீட்டறியா?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தான். அப்புறம் தெருக்கோடி வரைக்கும் ஒயரை வெட்டிக்கொண்டே போனான்.

எல்லா வீட்டிலும் படம் போய் டிவி பொரிந்தது. துடைப்பம், அகப்பை, செருப்பு என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பெண்கள் நாங்கள் வெளியே பாய்ந்தோம். எல்லோருக்கும் முன்னால் ஓடியது பலராமன் பெண்டாட்டி பொன்னி. என் வீட்டில் உட்கார்ந்துதான் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ்! சீரியல்ல அந்தப் பொண்ணு பொழைக்குமா சாவுமான்னு தெரியற நேரத்துல வந்து அறுத்துட்டியே, உன் கை வெளங்குமா?" என்று துடைப்பக் கட்டையால் மண்டையிலேயே போட்டாள்.

பலராமன் கொடுவாளைக் கீழே போட்டான். அத்தனை அடிக்கும் கையைத் தூக்கவில்லை. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"அடிங்க. ஆனா பௌர்ணமிக்குக் கொட்டாய்க்கு வாங்க" என்றான்.

பௌர்ணமி அன்று ஒலிபெருக்கியில் சாமிப் பாட்டு கேட்டது. பாதையில் கிரிவலக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு போனது. ஒருத்தர்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. மனசு கேட்காமல் பொன்னி கிளம்பினாள், கூட நானும் போனேன். எங்கள் இரண்டு பேருக்காகப் படம் ஓடியது. பலராமன் புருவத்தில் கட்டோடு சுவரோரம் நின்றான். திரைக்கு முதுகு, கண் எங்கள் மேல்.

"யார்கிட்டேருந்து காவல் காக்கற? வந்து உக்காரு" என்றாள் பொன்னி.

முதல் தடவையாகச் சுவரைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் சண்டை நடந்தது. அவன் திரும்பித் திரும்பிப் பின்னாலிருந்த வெறும் மணலையே பார்த்தான். பொன்னி தாடையைப் பிடித்து முன்னால் திருப்பினாள். விட்டதும் மறுபடி திரும்பிக்கொண்டான்.

மறுநாள் கொட்டகையைப் பிரித்தார்கள். கடப்பாரையை யாருக்கும் தராமல் சுவரை அவனே இடித்தான். கிட்டே போனவனை அடிக்க ஓங்கினான். உள்ளங்கை கிழிந்தும் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே பொன்னியிடம் கேட்டானாம்: "நேத்துப் படத்துல கடைசில இன்னா ஆச்சு?"

அதை என்னிடம் சொல்லும்போதுதான் பொன்னி அழுதாள்.