கோட்டுக் குவியல்

கனடாவின் லவாலில் ஒரு பிறந்தநாள் விருந்து. சென்ட் மணக்க ஒரு மாமா வந்ததும், கட்டிலில் எல்லோரும் குவித்திருந்த குளிர்கோட்டுகளுக்குள் என் மகள் புகுந்துவிட்டாள்.

"மாமாவுக்குக் கன்னத்தில ஒரு கொஞ்சு குடு பிள்ளை!" என்று வீடே கத்தியது.

என் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் அப்பாவின் சிநேகிதர் ஒருவரும் இப்படித்தான் மணப்பார். அவர் வந்தால் நான் கொய்யாமரத்தில் இருப்பேன். "குரங்கு" என்று சிரிப்பார்கள். குண்டுச் சின்னம்மா மட்டும் ஒருநாள் மூச்சிரைக்க ஏறிவந்து, "ஏன் பிள்ளை?" என்று கேட்டார். காதில் சொன்னேன். கிளை முறிந்து இருவரும் விழுந்தோம். சின்னம்மா நொண்டிக்கொண்டே போய் அந்த ஆளை வாசல் படலைக்கு வெளியே துரத்தினார்.

நானும் பட்டுச்சேலையோடு கோட்டுகளுக்குள் நுழைந்தேன்.

"ஏன் செல்லம்?"

"தாடி குத்துது அம்மா."

தலையை வெளியே நீட்டினேன். "பிள்ளைக்கு விருப்பமில்லையெண்டால் கொஞ்சு இல்லை!"

குவியலுக்குள்ளிருந்து இன்னும் மூன்று பிள்ளைகளின் தலைகள் எட்டிப்பார்த்தன.