பின்சீட்டுக்கு ஒரு கேம் ஷாஃப்ட்

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்து முடித்துவிட்டு நான் வேலை கேட்டுப் போன பட்டறைகளில் எல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது. பொம்பளைப் பிள்ளைக்கு எஞ்சின் வேலை எதற்கு, பில் எழுத ஆள் தேவை, வருகிறாயா என்றார்கள். திண்டிவனம் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டறை வைத்திருந்தவர் மட்டும் வேறு மாதிரி பேசினார். எதையும் பாதிச் சிரிப்போடு சொல்கிறவர் அவர்.

“ஒரு எஞ்சின் குடுக்கறேன். கழட்டி, மாட்டி, ஓட வச்சுக் காட்டு. கஸ்டமர் திருப்தியா எடுத்துக்கினு போனா இங்கியே இரு. இல்லன்னா பில் புக்கு அதோ ஆணியில தொங்குது.”

எண்பதுகளின் நடுவில் அது சின்ன வாய்ப்பு அல்ல. மறுநாளே விழுப்புரத்திலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்தேன்.

எஞ்சின் ஒரு பியட் காருடையது. கார்க்காரர் கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய இளைஞர். பட்டறையில் எல்லோரும் அவரைப் பாய் என்றோம். காரை விட்டுப் போக வந்த அன்றே, எண்ணெய்த் துணியில் சுற்றிய நீளமான ஒன்றை என் மேசைமேல் வைத்துப் பிரித்தார். ஒரு கேம் ஷாஃப்ட்.

“சோழவரத்துல ரேஸ் ஓடின வண்டியோடது. இதத்தான் மாட்டணும். இங்கேர்ந்து விழுப்புரம் வரைக்கும் ஒரு பஸ்ஸும் என்னைத் தாண்டக் கூடாது. அப்புறம், வண்டி நிக்கும்போது சத்தம் கேக்கணும். டுக்கு டுக்குன்னு.”

“அந்தச் சத்தத்துக்குப் பயந்துக்கினே பஸ்காரன் ஒதுங்கிடுவான்,” என்றார் பட்டறைக்காரர்.

கேம் ஷாஃப்ட் பார்ப்பதற்கு ஒரு இரும்புத் தண்டுதான். அதில் முட்டை வடிவத்தில் சில மேடுகள் இருக்கும். தண்டு சுற்றும்போது அந்த மேடுகள் வால்வுகளைத் தள்ளித் திறக்கும். எஞ்சின் எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த மேடுகளின் வடிவம். ரேஸ் கேம் வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அது பெரிய வரம். மெதுவாகச் சுற்றும்போதோ உள்ளே வந்த பெட்ரோல்-காற்றுக் கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். எஞ்சின் குலுங்கும், இழுவை போய்விடும். பாய் ஆசைப்பட்ட டுக்கு டுக்கு அந்தத் தடுமாற்றத்தின் சத்தம்தான். அந்தக் கலவையை அழுத்தும் அளவை, அதாவது கம்ப்ரஷனைக் கூட்டினால் கொஞ்சம் ஈடுகட்டலாம். அன்று பங்க்கில் கிடைத்த பெட்ரோலுக்கு அது ஒத்துவராது.

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு வேலை ஓடாது. பாயிடம் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்த ரோட்டில் ஓட்டுவீர்கள்? எத்தனை பேர்? பெரும்பாலும் எந்த கியர்? டிக்கியில் என்ன?

“ஹைவே. நான் ஒருத்தன்தான். டாப் கியர். டிக்கி காலி.”

நான்கு பதிலும் உண்மையாக இருந்தால் அவர் கொண்டுவந்த கேம் ஓரளவு சரிதான். அப்படித்தான் குறித்துக்கொண்டேன்.

அடுத்த சில நாட்கள் காரைப் பிரித்தேன். அதே கேள்விகளுக்குக் காரும் பதில் சொல்லத் தொடங்கியது. கிளட்ச் பிளேட் தேய்ந்து ரிவெட் வரை வந்திருந்தது. டாப் கியரில் தனியாகப் போகிறவருக்குக் கிளட்ச் அப்படித் தேயாது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்ச் சப்பையாகியிருந்தன. பின்சீட்டின் நடுவில் ஒரு பள்ளம். அதன் இடுக்கிலிருந்து ஒரு பால் பாட்டில் மூடி, இரண்டு ஹேர்பின், மல்லாட்டை என்னும் வேர்க்கடலையின் தோல். டிக்கியில் அரிசி மூட்டையின் சணல் இழை. தனியாளாக வேகமாகப் போக விரும்பிய ஒருவருடைய கார் அது; ஆனால் அப்படி ஓடிய கார் அல்ல.

பட்டறைக்காரரிடம் சொன்னேன். இருக்கிற பழைய கேமையே மதராஸில் கிரைண்டிங் பட்டறைக்கு அனுப்பி மேடுகளைக் கொஞ்சம் மட்டும் மாற்றிச் செதுக்கி வாங்கலாம். கீழே இழுவை குறையாது, மேலே கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்றேன்.

“இஞ்சினியரம்மா, அவரு பிரியாணி கேக்கறாரு. நீ ரசம் வக்கிறேன்ற. கேட்டதக் குடுத்துட்டுப் போயேன். இன்னா பேஜாரு உனக்கு?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதை நான் விழுப்புரம் போகும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். கஸ்டமர் திருப்தியாக எடுத்துப் போக வேண்டும் என்பதுதான் பேச்சு. ரேஸ் கேமை மாட்டினால் பட்டறை வாசலில் பாய் நிச்சயம் சிரிப்பார். என் வேலை அந்தச் சிரிப்பிலேயே உறுதியாகிவிடும். அந்தக் கார் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு முதல் மேட்டில் திணறும்போது நான் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. திருப்தி என்பதை எந்த இடத்தில் நின்று அளப்பது என்று எங்கள் பாடத்தில் இல்லை.

ஒரு வழி மிச்சம் இருந்தது. ரேஸ் கேம் வால்வை ஆழமாக இறக்கும். பிஸ்டனில் இடித்தால் மாட்டவே முடியாது. வீட்டிலிருந்து சப்பாத்தி மாவு கொண்டுபோய், பிஸ்டன் தலையில் ஓர் உருண்டை வைத்து, ரேஸ் கேமையும் மேலே மூடும் ஹெட்டையும் மாட்டி, எஞ்சினைக் கையால் சுற்றினேன்.

“கேப்பைக் களி வச்சா இன்னும் கெட்டியா நிக்கும்,” என்றார் பட்டறைக்காரர்.

ஹெட்டைக் கழற்றி, வால்வு மாவில் பதித்த பள்ளத்தைப் பார்த்தேன். வேண்டிய இடைவெளி இருந்தது. தாராளமாகவே இருந்தது. மாவு எனக்காக முடிவெடுக்கும் என்று நம்பியிருந்தேன். அது எடுக்கவில்லை.

அன்று மதியம் பாய் வந்தார். ஜவுளி எடுக்கத் திண்டிவனம் வந்த அவருடைய அம்மாவும் கூட வந்திருந்தார்.

“இன்னும் ரெடியாவலயா?” என்றார் அந்த அம்மா. “அடுத்த வாரம் பொண்ண பிரசவத்துக்கு இட்டாரணும். விழுப்புரத்துல மாமியா ஊட்ல இருக்குது. நாங்க எட்டுப் பேரு போறோம், சோறு ஆக்கி எடுத்துக்கினு.”

“எட்டுப் பேரா?” என்று நான் பாயைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

“சின்னப் புள்ளைங்க மடியில ஒக்காரும்,” என்றார் அம்மா.

கிளட்ச் பிளேட்டை எடுத்து பாயின் கையில் கொடுத்தேன். “பாய், நான் உங்களக் கேட்டேன். நீங்க சொன்னது ஒண்ணு, இது சொல்றது ஒண்ணு. ரேஸ் கேம் உள்ள உக்காரும், அதுல தடை இல்ல. ஆனா நிக்கும்போது வண்டி குலுங்கும். ரயில்வே கேட் மேட்டுல நின்னு எட்டுப் பேரோட கிளம்பணும்னா எஞ்சின அலற விடணும். இந்த கிளட்ச்சு கதிதான் புதுசுக்கும். அப்பவும் வேணும்னா மாட்டித் தர்றேன்.”

“குலுங்குமா?” என்றார் அம்மா. “புள்ளத்தாச்சிய ஒக்கார வச்சுக்கினு குலுங்கற வண்டியா? இதுக்கா அம்மாந்தூரம் போய் இரும்பு வாங்கியாந்த?”

“ம்மா, நீ செத்த சும்மா இரேன்.”

“நான் சும்மா இருக்கறேன். உன் தங்கச்சி இருப்பாளா, கேட்டுப் பாரு.”

பாய் கிளட்ச் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரேஸ் கேமை அதே எண்ணெய்த் துணியில் சுற்றினார். “உங்க இஷ்டப்படியே பண்ணுங்க,” என்றார் என்னிடம். அந்தக் குரலில் திருப்தி இல்லை. பட்டறைக்காரர் அதைக் கவனித்தார் என்பதை நானும் கவனித்தேன்.

மதராஸிலிருந்து கேம் செதுக்கி வந்தது. கேமைச் சுற்றும் செயினின் குறிகளைப் பொருத்தி, மேடுகளின் மேல் உட்காரும் டேப்பட்களைப் புதிதாகப் போட்டு எஞ்சினை மாட்டினேன். சொன்ன நாளில் குடும்பம் பட்டறைக்கே வந்து ஏறியது. எட்டுப் பேர், சோறு நிறைந்த ஒரு பெரிய தேக்சா. “நீயும் விழுப்புரந்தான போவணும், ஏறு ஜல்தி,” என்று அந்த அம்மா என்னைத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். யாருடைய குழந்தையோ என் மடிக்கு வந்தது.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மேட்டின் நடுவில் நின்றோம். எஞ்சின் ஓடுகிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு அமைதி. என் கண் பாயின் இடது காலிலேயே இருந்தது. கேட் திறந்ததும் அவர் கிளட்ச்சை விட்டார். கார் திணறாமல், பின்னால் சரியாமல் நகர்ந்தது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. அந்த அம்மா யாரோ ஒருவரின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சமமான சாலைக்கு வந்ததும் இரண்டு பஸ்களைத் தாண்டினோம். மூன்றாவது எங்களைத் தாண்டிப் போனது. பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன்.

விழுப்புரத்தில் என்னை இறக்கிவிடும்போது, “சத்தமே இல்லியேம்மா,” என்றார் பாய். அவ்வளவுதான். திருப்தியா இல்லையா என்று கேட்காமலே, மடியிலிருந்த குழந்தையை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பட்டறைக்காரர் மற்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பில் புக்கு ஆணியில் தொங்கியது. நான் கருவிகளைத் துடைத்து அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வாரக் கடைசியில் கோட்டக்குப்பத்திலிருந்து இன்னொருவர் பியட்டோடு வந்து இறங்கினார்.

“எங்க ஊரு துபாய்க்காரரு வண்டியில ஒரு ரேஸ் கேம் போட்டீங்களாமே, சத்தம் வராத மாதிரி. எட்டுப் பேர வச்சுக்கினு மேட்டுல இழுக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. அதையே எனக்கும் போடுங்க.”

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பாதிச் சிரிப்பு அன்று முக்கால் ஆகியிருந்தது. ஆணியிலிருந்து பில் புக்கை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் தேடினார்.

“எஞ்சின் விஷயமெல்லாம் அந்தம்மாகிட்ட பேசுங்க,” என்றார்.

அது ரேஸ் கேம் இல்லை என்று வந்தவரிடம் முதலில் சொன்னேன். பிறகு காரின் பின்கதவைத் திறந்து, பின்சீட்டை அழுத்திப் பார்த்தேன்.