பூசையிலிருந்து எடுத்த பச்சை டிஸ்க்

இடிச் சத்தம் கேட்டால் சிவகாசிப் பக்கத்து ஆட்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. தெருவுக்கு ஓடிவந்து, எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்றுதான் பார்ப்பார்கள். புகை இல்லையென்றால் ‘இடிதான்’ என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவார்கள். ரோஜாவும் விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அவளுடைய அம்மா தங்கத்தாய் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறவள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அம்மாவின் நகக்கண்ணில் வெள்ளிப்பொடி மினுங்கும்.

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் ரோஜா. சிவகாசியில் கண்ணுச்சாமி முதலாளியின் அச்சாபீசில் டிசைன் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தபோது தங்கத்தாய் ஒரு வாக்குக் கொடுத்தாள்.

“ஒன் வேலை நெலைச்சிருச்சுன்னா, இந்தத் தீவாளியோட மருந்து ரூமுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துர்றேன்.”

அந்த ஒரு வாக்குக்காகவே ரோஜா வேலையை உயிராகப் பிடித்துக்கொண்டாள்.

அச்சாபீசின் டிசைன் முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. பட்டாசுப் பெட்டி லேபிள்கள், காலண்டர் படங்கள், வாடிக்கையாளர்களின் பெயர் போட்ட அட்டைகள் எல்லாம் அதற்குள்தான். ஒருமுறை அது பாதியில் நின்றுபோய், ஒரு காலண்டர் ஆர்டரை முதலிலிருந்து வரைய வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் ரோஜா முதலாளியிடம் பேக்கப் பற்றிப் பேசினாள். கழற்றி மாட்டுகிற மாதிரி இரண்டு ஹார்டு டிஸ்க் வேண்டும். ஒன்று ஆபீசில் இருக்கும், இன்னொன்று வீட்டில் இருக்கும், வாராவாரம் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

“ரெண்டு எதுக்கும்மா? ஒண்ணு போதாதா?”

“பட்டாசுக் கம்பெனியில ஒவ்வொரு ரூமையும் ஏன் தள்ளித் தள்ளிக் கட்டுறாக அண்ணாச்சி? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கணும்ல? அதே கணக்குத்தான்.”

முதலாளி சிரித்துவிட்டு வாங்கிக் கொடுத்தார். ரோஜா சாஃப்ட்வேரை ஏற்றினாள். முதல் தடவை எல்லாவற்றையும் நகலெடுக்கவும், அப்புறம் அன்றன்றைக்கு மாறியதை மட்டும் சாயங்காலம் எடுக்கவும் நேரம் குறித்துவைத்தாள். நகல் எடுத்தால் போதாது, திரும்ப வருகிறதா என்றும் பார்க்க வேண்டுமே. ஒரு பழைய லேபிளை வேண்டுமென்றே அழித்து, டிஸ்க்கிலிருந்து மீட்டெடுத்துக் காட்டினாள். ஒரு டிஸ்க்கில் சிவப்பு நகப்பூச்சாலும் இன்னொன்றில் பச்சை நகப்பூச்சாலும் பொட்டு வைத்தாள். வீட்டு முறைக்கு வரும் டிஸ்க் ஒரு டப்பாவுக்குள் அடைபட்டு அரிசிப்பானைக்குப் பின்னால் கிடக்கும்.

இப்படியே ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆயுத பூசை வந்தது.

காலையில் முதலாளி சொன்னார். “வீட்டுல இருக்கிற டப்பாவையும் கொண்டாந்துரும்மா. ஒண்ணுக்கு மட்டும் சந்தனம் வச்சா இன்னொண்ணு கோவிச்சுக்கிடாதா?”

“ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக் கூடாதே அண்ணாச்சி.”

“ஒரு ராத்திரிதானம்மா.”

இதற்கு மேல் பேசினால், படித்த திமிரில் சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று பெயர் வரும். ரோஜா வாயை மூடிக்கொண்டு போய் எடுத்துவந்தாள். புறப்படும்போது தங்கத்தாயே அதைச் சேலை நுனியால் துடைத்துக் கொடுத்தாள். “சோறு போடுறது. நல்லாக் கும்பிட்டுட்டு வா.”

மெஷின்மேன் பெத்தணன் தன் ஆப்செட் மெஷினைக் கழுவித் துடைத்து மாலை போட்டிருந்தார். அந்த மெஷினோடு சேர்ந்தே நரைத்தவர். அதை ஒரு சுற்று ஓடவிட்டுத்தான் கும்பிடுவார். “ஓடுற சாமானை உசுரோட வச்சுத்தான் கும்பிடணும்” என்று அவர் சொன்னதைக் கேட்டு, முதலாளி இரண்டு டிஸ்க்கையும் கம்ப்யூட்டரில் மாட்டச் சொன்னார். மாட்டியதும் ரோஜா இரண்டிலும் அன்றைய நகலை எடுத்து முடித்தாள். சிவப்புத் துணியில், செவ்வந்திப் பூ இதழ்களுக்கு நடுவில், இரண்டும் நீல விளக்கு மின்ன உட்கார்ந்திருந்தன. சாம்பிராணிப் புகை கலைவதற்கு முன்பே, ஜன்னலுக்கு வெளியே வெம்பக்கோட்டைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருவதை ரோஜா பார்த்தாள்.

“அண்ணே, மெயினை மட்டும் ஆஃப் பண்ணிட்டுப் போவமா? மழை வாரமாதிரி இருக்கு.”

“நல்லாருக்கே தாயி! சாமியை இருட்டுல ஒக்கார வச்சுட்டு நம்ம போய் பொரி திங்கவா?” பெத்தணன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “நாளைக்கு மறுபூசை வரைக்கும் இங்கன ஒரு துரும்பையும் தொடக் கூடாது.”

எல்லாரும் பொரி வாங்க முற்றத்துக்குப் போனார்கள். ரோஜா மட்டும் நின்றாள். கம்ப்யூட்டரில் சொல்லி முறையாக வெளியேற்றாமல் டிஸ்க்கைப் பிடுங்கக் கூடாது என்று அவளே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள். மவுஸைத் தொட்டால் அதன்மேல் இருக்கும் குங்குமம் கலையும். வெளியே செருப்புச் சத்தம். சட்டென்று பச்சை டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். நீல விளக்கு அணைந்தது. எதையோ கண்மூடவைத்த மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டரின் பிளக்கையும் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. பிடுங்கினால் திரை அணைந்து உடனே தெரிந்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த இடி விழுந்தது. தெருவே வெளியில் வந்தது. தங்கத்தாய் நான்கு திசையும் பார்த்தாள். “பொகை இல்ல. இடிதான்” என்றாள். ரோஜா மட்டும் சிவகாசித் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே வெளிச்சம் முழுவதும் அற்றுப் போயிருந்தது.

மறுநாள் விஜயதசமி. அச்சாபீஸ் கதவைத் திறந்ததும் கருகிய நாற்றம் முகத்தில் அடித்தது. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. சிவப்பு டிஸ்க்கைக் காதில் வைத்துப் பார்த்தாள், மூச்சில்லை. பெத்தணனின் மெஷினில் மின்பலகை எரிந்து, மாலையின் ஒரு பக்கம் பொசுங்கித் தொங்கியது. அவர் மெஷின்மேல் கையை வைத்தபடி நின்றார். பிறகு பூசைத் துணியைப் பார்த்தார்.

பூ இதழ்களுக்கு நடுவில் நீள்சதுரமாக ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

“எவனோ சாமி சாமானைத் தூக்கிருக்கான்” என்றார் மெதுவாக. “அதான் இடி எறங்கிருக்கு.”

இரண்டொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கைவைத்தார். சீசன் உச்சத்தில் இருந்தது. காலண்டர் ஆர்டர்கள் அத்தனையும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தன.

ரோஜாவின் தோளில் பை கனத்தது. வாயைத் திறக்காவிட்டால் டிசைன் பிரிவே இருக்காது, அவளுக்கு வேலையும் இருக்காது. திறந்தால் பூசையைக் கலைத்தவள் அவள். எந்தப் பக்கம் போனாலும் மருந்து ரூமுக்குள் அம்மா உட்கார்ந்திருக்கிற மாதிரியே தெரிந்தது. ஒரு கணம், டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கண்மாயில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

பிறகு பையைத் திறந்து பச்சை டிஸ்க்கை மேசைமேல் வைத்தாள். அதன் முதுகில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஓர் இதழும் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி வீட்டிலிருந்து மடிக்கணினி வந்தது. முறையில்லாமல் பிடுங்கிய டிஸ்க், திறக்குமோ திறக்காதோ? நீல விளக்கு விட்டு விட்டுத் துடித்தது. பிறகு நின்று எரிந்தது. எந்தத் தேதி நகல் வேண்டும் என்று சாஃப்ட்வேர் கேட்டது. ரோஜா நேற்றைய தேதியைத் தொட்டாள். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. காலண்டர்கள், லேபிள்கள், பெயர்கள் எல்லாம் வந்தன. முதலாளி இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார்.

பெத்தணன் திரையைப் பார்க்கவில்லை. ஒட்டியிருந்த இதழைப் பார்த்தார்.

“எப்ப எடுத்த தாயி?”

“பூசை முடிஞ்சதும்ணே.”

“மறுபூசைக்கு முந்தி.”

“எடுக்காட்டி இதுவும் போயிருக்கும்ணே.”

“நீ எடுக்காட்டி இடியே எறங்கிருக்காது தாயி.”

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் ரோஜாவைப் பயமுறுத்தியது. கரண்ட், கம்பி, மேகம் என்று படித்ததையெல்லாம் விட்டுவிட்டு, அவள் ஒட்டியிருந்த இதழை எடுத்துப் பூசைத் துணியில் வைத்தாள். முதலாளி அவளையும் பார்த்தார், கருகிய மெஷினையும் பார்த்தார். கூப்பிய கைகள் மெல்லப் பிரிந்தன.

“சரிம்மா. சீசன் முடியட்டும். பாப்போம்.”

வீட்டில் தங்கத்தாய் நடந்ததையெல்லாம் கேட்டாள். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. “சீசன் முடியட்டும்னா சொன்னாக?” என்று மட்டும் கேட்டாள். பிறகு கொடியிலிருந்து கம்பெனிக்குக் கட்டிப்போகும் பருத்திச் சேலையை எடுத்து மடித்தாள். “அப்ப நானும் தீவாளி கழிச்சு வேலைய விட்டு நிக்கலன்னு சொல்லிர்றேன்.”

இப்போதும் ரோஜா சாயங்காலம் ஆனால் புதுக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுக்கிறாள். சிவப்புக்குப் பதிலாகப் புது டிஸ்க் வந்திருக்கிறது, ஆனால் அவளைத் தவிர அதை யாரும் தொடுவதில்லை. பெத்தணனின் மெஷினுக்குப் புதிய பலகை வந்துவிட்டது. அதில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறார்கள். அவள் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

நேற்று மத்தியானம் மறுபடியும் வானம் உறுமியது. பெத்தணன் மெஷினை நிறுத்தினார். வழக்கமாக எல்லாரும் வாசலுக்கு ஓடிப் புகையைத் தேடுவார்கள். இந்த முறை யாரும் வாசலுக்குப் போகவில்லை. ஒவ்வொரு தலையாக, ஆணியில் தொங்கிய ரோஜாவின் பையின் பக்கம் திரும்பியது.

ரோஜாவும் தன் பையைத் திரும்பிப் பார்த்தாள்.